புதிதாகக் கட்டிய வீட்டைக் கட்டுநரிடமே வாங்கும்போது நமக்கென்று ஒரு தரகர் தேவையா?

புதுவாசல்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் எங்கள் முதல் வீட்டை வாங்கும் முயற்சியில் இருக்கிறோம். ஓராண்டு காலம் பழைய வீடுகளைப் பார்த்து அலைந்த பிறகு, ஒரு கட்டுமான நிறுவனம் புதிதாகக் கட்டிவரும் குடியிருப்பில் ஒரு வீட்டை மனத்தில் குறித்து வைத்திருக்கிறோம். அடித்தளம் முடிந்து இப்போது சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டிய விற்பனைப் பிரதிநிதி மிகவும் கனிவாகப் பழகினார். நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எங்களுக்கென்று தனியாக ஒரு தரகரை வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டபோது, "அது பழைய வீடு வாங்குகிறவர்களுக்குத்தான் தேவைப்படும், இங்கே எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே ஒப்பந்தம், காகித வேலை முழுவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

வீடு திரும்பியதிலிருந்து அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விலை உண்மையிலேயே மாறாது என்றால், தரகர் எங்களுக்கு வேறு எதற்குப் பயன்படுவார்? தரகர் இல்லாமல் போனால் அவருக்குப் போக வேண்டிய தொகையை எங்களுக்கு விலையில் குறைத்துத் தருவார்களா? இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: நாங்கள் ஏற்கெனவே ஒரு முறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டோம். இதற்கு மேல் தரகரை அழைத்துப் போவதில் ஏதேனும் தடை இருக்குமா? அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூன்றாம்மாடி:

சகோதரி, நீங்கள் கேட்டதே நல்லது. நாங்கள் கேட்கவில்லை. அன்று எங்களுக்கும் இதே சொற்கள்தான் சொல்லப்பட்டன, நாங்களும் நம்பினோம். சொன்னவர் பொய் சொல்லவும் இல்லை. விலையும் ஒப்பந்தமும் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்த ஒப்பந்தம் முழுக்க முழுக்க விற்பவரின் வழக்கறிஞர் விற்பவருக்காக எழுதியது என்பதும், எங்கள் தரப்பிலிருந்து அதைப் படித்தவர் ஒருவருமே இல்லை என்பதும் பின்னால்தான் உறைத்தது.

முன்பணம் கட்டிய அன்றே, ஒரே மாலையில், குழந்தை தூக்கத்துக்கு அழுதுகொண்டிருக்க, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டோம். சாவி ஒப்படைக்கும் நாள் என்று நாங்கள் நம்பியிருந்த நாள் ஒப்பந்தத்தில் "உத்தேசமாக" என்ற சொல்லோடுதான் இருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஏழு மாதம் தாமதித்தார்கள். அந்த ஏழு மாதமும் ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் வீட்டுக்கடன் வட்டி. இழப்பீடு கேட்டபோது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். மாதிரி வீட்டில் நாங்கள் தடவித் தடவிப் பார்த்து மகிழ்ந்த கனத்த முன்கதவு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தட்டினால் பெட்டிபோல ஒலிக்கும் ஒரு கதவு வந்தது. "சமமான தரமுள்ள மாற்றுப் பொருளைப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு" என்று அதற்கும் ஒரு வரி இருந்தது. சமமானது எது என்று முடிவு செய்வதும் அந்த நிறுவனமே. நம் பக்கம் நிற்கும் ஒருவர் அன்று கூட இருந்திருந்தால், குறைந்தது "இன்று கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள்" என்றாவது சொல்லியிருப்பார்.

கணக்குப்பிள்ளை:

மூன்றாம்மாடி பட்ட துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அன்று தேவைப்பட்டவர் ஒரு வழக்கறிஞர், தரகர் அல்லர். இந்த இரண்டையும் நாம் அடிக்கடிக் குழப்பிக்கொள்கிறோம். தரகருக்குக் கட்டுநர்தான் பணம் தருகிறார், ஆகவே வாங்குகிறவருக்குச் செலவே இல்லை என்று பலரும் சொல்லும் பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுநர் அந்தத் தொகையைத் தன் பையிலிருந்தா எடுக்கிறார்? வீட்டின் விலையில் சேர்த்துத்தான் வைக்கிறார். விற்பனை முடிந்தால்தான் பணம் என்ற ஏற்பாட்டில் இருக்கும் ஒருவர், "இந்த வீடு வேண்டாம்" என்று உங்களிடம் சொல்வதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

என் ஆலோசனை இதுதான்: தரகர் இல்லாமல் போங்கள், அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், மிச்சமாகும் பணத்தில் ஒரு வழக்கறிஞரையும் ஒரு கட்டட ஆய்வாளரையும் அமர்த்துங்கள். அவர்கள் இருவருக்கும் நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கூலி உண்டு. அதனால்தான் அவர்கள் சொல்லை நம்பலாம்.

பழையகூடம்:

நான் ஒன்பது ஆண்டுகள் ஒரு கட்டுமான நிறுவனத்தின் விற்பனைக் கூடத்தில் இருந்தவன். இப்போது வேறு தொழில் செய்கிறேன். எந்தத் தரப்புக்கும் எனக்குக் கடமை இல்லாததால், உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வது ஏட்டுக் கணக்கில் சரி. நடைமுறையில் அந்தக் கழிவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. தரகுத் தொகை என்பது விளம்பரம், மாதிரி வீட்டின் அலங்காரம், எங்கள் ஊக்கத்தொகை ஆகியவற்றோடு சேர்ந்து மொத்தத் திட்டத்துக்கும் விற்பனைச் செலவாக முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடும். ஒருவர் தரகர் இல்லாமல் வந்தால், அந்தத் தொகை நிறுவனத்தின் கையில் தங்கும், அவ்வளவுதான். விற்பனை மந்தமாக இருந்த காலங்களில் கேட்டு வாங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கேட்பதில் தவறில்லை, ஆனால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கட்டுநர் ஏன் விலையைக் குறைக்கத் தயங்குகிறார் என்பதைப் புரிந்துகொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும். இன்று ஒரு வீட்டைக் குறைந்த விலைக்குப் பதிவு செய்தால், அடுத்த மாதம் அதே தெருவில் வேறு வீட்டுக்குக் கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் அந்தப் பதிவு விலையைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார். விற்காமல் இருக்கும் வீடுகள் அனைத்தின் மதிப்பும் அந்த ஓர் எண்ணால் இறங்கும். ஏற்கெனவே முழு விலை கொடுத்தவர்களும் வாசலில் வந்து நிற்பார்கள். அதனால் விலைப்பட்டியலைக் காப்பாற்றிக்கொண்டு, பட்டியலில் தெரியாத இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள்: சமையலறை மேடையின் கல்லை உயர்த்தித் தருவது, பதிவுச் செலவில் ஒரு பங்கை ஏற்பது, கடனின் தொடக்க ஆண்டுகளுக்கான வட்டியைக் குறைக்கப் பணம் கட்டுவது, கூடுதல் மின்புள்ளிகள், வாகன நிறுத்துமிடம் என்று அது பல உருவம் எடுக்கும். நிதியாண்டோ காலாண்டோ முடியும் தறுவாயில், அல்லது முன்பதிவு செய்த ஒருவர் விலகி வீடு கட்டி முடித்த நிலையில் காலியாக நிற்கும்போது, எங்கள் மேலாளர் நாங்கள் கேட்காமலே கை தளர்த்துவார். இதை வருகிறவரிடம் நாங்களாகச் சொல்ல மாட்டோம். சென்ற மாதம் யாருக்கு என்ன தந்தார்கள் என்று தெரிந்த ஒரு தரகர் கூட வந்தால், நாங்கள் பேசும் விதமே மாறும். அடுத்த மாதமும் அவர் வாங்குகிறவர் ஒருவரை அழைத்து வருவார் என்பதால், அவரிடம் முகம் கொடுத்துப் பேசியே ஆக வேண்டும்.

அந்தப் பிரதிநிதியைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய கனிவை நீங்கள் சந்தேகிக்க வேண்டியதில்லை. எங்களில் பலர் உண்மையான அக்கறையோடுதான் பழகினோம். ஆனால் "எங்களால் அதிகபட்சம் இவ்வளவுதான் முடியும்" என்று நீங்கள் அவரிடம் சொன்ன தொகை அன்று மாலையே மேலாளரின் மேசைக்குப் போயிருக்கும். அது அவருடைய வேலை. உங்கள் கணக்கை அவரிடம் விரித்துச் சொல்லாதீர்கள்.

வழித்துணை:

நான் வாங்குகிறவர்கள் தரப்பில் பணிபுரியும் தரகர். எனக்கு இதில் ஆதாயம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

புதுவாசல் அம்மா கேட்ட மூன்றாவது கேள்விதான் அவசரமானது. பல கட்டுமான நிறுவனங்களில், வாங்குகிறவர் முதன்முறை வரும்போதே தரகர் உடன் வர வேண்டும், அல்லது வரும் முன்பே அவருடைய பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. தனியாக வந்து பெயரைக் கொடுத்துவிட்டால், "இவரை நாங்களே ஈர்த்தோம்" என்று கணக்கு வைத்து, பிறகு வரும் தரகருக்குத் தொகை தர மறுப்பார்கள். உங்களைத் தரகர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் தடுக்க முடியாது. ஆனால் அவருக்கான கூலியை நீங்களே கொடுக்க நேரிடலாம். நீங்கள் அன்று ஏதேனும் படிவம் நிரப்பினீர்களா?

புதுவாசல்:

ஆம், ஐயா. வரவேற்பு மேசையில் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், தொலைபேசி எண், எங்களைப் பற்றி எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்ற கேள்வி, அதற்கும் கீழே சிறிய எழுத்தில் "தரகர் உண்டா?" என்று இரண்டு கட்டங்கள். என் கணவர் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் அதை ஒரு வருகைப் பதிவேடு என்றுதான் நினைத்தோம்.

வழித்துணை:

வருந்த வேண்டாம், அம்மா. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பதிவுக்குக் காலவரம்பு ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழிந்தால் அந்தப் பதிவு காலாவதியாகிவிடும். இல்லாவிட்டாலும், விற்பனை மேலாளரிடம் நேராகப் போய், "எங்களுக்கென்று ஒருவர் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம், அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். இன்னும் முன்பணம் கட்டவில்லை என்பதால் உங்கள் சொல்லுக்கு வலு இருக்கிறது. தரகரை முன்பே அறிந்திருந்ததாகப் பொய் மட்டும் சொல்ல வேண்டாம். எங்களில் சிலரே அப்படிச் சொல்லச் சொல்வார்கள், அத்தகையவரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

தரகரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் பழைய வீடுகளில் எவ்வளவு பேர் பெற்றவராக இருந்தாலும், புதுக் கட்டுமானத்தில் சாவி ஒப்படைப்பு வரை எத்தனை குடும்பங்களோடு நின்றிருக்கிறார் என்று கேளுங்கள். கட்டுநர் தருவதாகச் சொல்லும் தொகை எவ்வளவு, அது ஒப்பந்தத்தில் நீங்களும் அவரும் பேசிய தொகையைவிடக் கூடுதலானால் அந்தக் கூடுதல் யாருக்கு, கட்டுநர் ஒன்றுமே தராவிட்டால் நீங்கள் அவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரை விட்டு விலகிவிடுங்கள்.

கிழக்குச்சன்னல்:

தரகர் இருந்தும் ஏமாந்த கதை ஒன்றும் இந்த இழையில் பதிவாக வேண்டும். எங்கள் தரகர் முதல் நாளிலிருந்து ஒரே குடியிருப்பைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார். வேறு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும் என்றபோது, "அங்கே தண்ணீர் வசதி போதாது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். ஆண்டு இறுதிக்குள் விற்றுத் தரும் தரகர்களுக்கு அந்த நிறுவனம் கூடுதல் ஊக்கத்தொகை அறிவித்திருந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அவர் ஒரே ஒரு முறை தொலைபேசியை எடுத்தார். வீட்டைச் சரிபார்க்கும் நாளில் அவர் வரவே இல்லை. தரகர் ஒருவர் கூட இருக்கிறார் என்ற நினைப்பிலேயே நாங்கள் வழக்கறிஞரையும் வைக்கவில்லை, ஆய்வாளரையும் வைக்கவில்லை. அந்த நினைப்புத்தான் எங்களுக்கு வந்த கேடு.

எழுத்தாணி:

சொத்துப் பரிமாற்ற வழக்குகளில் பணிபுரியும் வழக்கறிஞன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். தரகர் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வெவ்வேறு பதில் வைத்திருக்கிறது. ஒரு நாட்டில் உள்ள உறவினர் சொன்ன அறிவுரையை இன்னொரு நாட்டில் அப்படியே பின்பற்றுவதால் வரும் சிக்கல்களை நான் நிறையவே பார்க்கிறேன்.

அமெரிக்காவில் வீட்டுத் தரகர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம், தன்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை முடித்துக்கொள்ள ஏற்ற உடன்பாட்டின்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல், அச்சங்கத்தோடு தொடர்புடைய வீட்டுப் பட்டியல் சேவைகளைப் பயன்படுத்தும் தரகர்கள், வாங்குகிறவருக்கு ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே அவரோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். கூலி எவ்வளவு என்பது அதில் திட்டவட்டமாக இருக்க வேண்டும். அதைப் பேசிக் குறைக்கலாம் என்பதும் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். வழித்துணை சொன்ன எழுத்துப் பத்திரத்துக்கு அங்கே இது அடிப்படை. சிங்கப்பூரில் ஒரே தரகர் ஒரே பரிவர்த்தனையில் இரண்டு தரப்புக்கும் செயல்படுவதைச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் புதிய குடியிருப்புத் திட்டங்களில் தரகர் பெரும்பாலும் கட்டுநரின் சார்பில் விற்பவராகவே இருப்பார் என்பதால், அவர் நம்மை அன்போடு அழைத்துப் போகிறார் என்பதாலேயே நம்முடைய ஆள் ஆகிவிட மாட்டார். இங்கிலாந்திலும் எஸ்டேட் ஏஜென்ட் என்றால் வழக்கமாக விற்பவருக்காகச் செயல்படுபவர்தான். வாங்குகிறவர் தனக்கென்று ஒருவரை வைக்க விரும்பினால் அவருக்குத் தானே கூலி கொடுப்பார்.

இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களில் விற்பனைக்கு இடைநின்று உதவும் தரகரும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பதிவு பெறாத திட்டத்தை அவர் விற்றுத் தரவும் கூடாது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன்பு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும், உடைமை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிய வந்தால் கட்டுநரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன. மலேசியாவில் 1966 ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தின் வடிவமே அரசு விதிமுறைகளின் அட்டவணையாகத் தரப்பட்டிருக்கிறது; குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 24 மாதம். அத்தகைய இடங்களில் ஒப்பந்த வாசகத்தைப் பற்றிப் பேரம் பேசும் தேவை குறைகிறது. ஒப்பந்தத்தைக் கட்டுநரே தன் விருப்பப்படி எழுதும் இடங்களில்தான், நம் தரப்பில் ஒருவர் படிக்க வேண்டிய தேவை மிகக் கூடுதல்.

படிக்கும்போது நான் முதலில் தேடுவது மூன்றாம்மாடி அவர்களைத் துன்புறுத்திய அந்த இரண்டு வரிகளைத்தான்: முடிக்கும் நாள் உறுதியானதா, தாமதத்துக்கு நாள் கணக்கில் இழப்பீடு உண்டா, பொருளை மாற்றினால் நம்முடைய எழுத்து ஒப்புதல் வேண்டுமா. அடுத்து, வங்கி கடன் தர மறுத்தால் முன்பணம் திரும்ப வருமா என்பது. இதைக் கேட்காமல் விட்டு முன்பணம் முழுவதையும் இழந்த இளம் தம்பதியர் என் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பரப்பளவு எந்த அளவையில் சொல்லப்படுகிறது, கட்டி முடித்த பிறகு குறைந்தால் விலை குறையுமா, பூசல் வந்தால் நீதிமன்றம் போகலாமா அல்லது அவர்கள் சொல்லும் நடுவரிடம்தான் போக வேண்டுமா, கட்டும்போதே நம் ஆய்வாளரை உள்ளே விடுவார்களா என்பவையும் அதில் தெரிய வேண்டும். மாதிரி வீட்டில் வாயால் சொல்லப்பட்ட எதுவும் செல்லாது என்று கடைசிப் பக்கங்களில் ஒரு வரி அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். ஆகவே வாயால் சொன்னது உங்களுக்கு முக்கியமானால் அது பின்னிணைப்பாக எழுதப்பட வேண்டும்.

தரகர் இந்த வேலையைச் செய்ய முடியாது, பல நாடுகளில் செய்யவும் கூடாது. ஆனால் எந்த வரி பேரத்துக்கு இடம் தரும், எந்த வரியை இந்தக் கட்டுநர் சென்ற முறை மாற்றிக்கொண்டார் என்பது என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே இருவரையும் ஒருவருக்கு மாற்றாக மற்றவரை நான் கருதுவதில்லை.

கணக்குப்பிள்ளை:

பழையகூடம் ஐயா விளக்கிய பிறகு, கழித்துத் தரச் சொல்லலாம் என்று நான் சொன்னது எளிதில் நடக்காது என்பதை ஏற்கிறேன். அந்தத் தொகை எப்படியும் கட்டுநரிடமே தங்கிவிடும் என்றால், அதைக் கொண்டு நமக்கென்று ஒருவரை வைத்துக்கொள்வதில் அறிவு இருக்கிறது. ஆனால் கிழக்குச்சன்னலின் அனுபவத்துக்குப் பிறகு என் அடிப்படைக் கருத்தை நான் கைவிடவில்லை: நிலையான கூலிக்கு வேலை செய்யும் இருவரை முதலில் வையுங்கள், தரகர் அவர்களுக்கு மேல்.

செங்கல்சூளை:

கட்டட மேற்பார்வைப் பொறியாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் தளத்தில் நின்றவன் நான். விலையையும் ஒப்பந்தத்தையும் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். புதிய வீட்டில் குறை இருக்காது என்று பலர் ஆய்வைத் தவிர்க்கிறார்கள். பழைய வீட்டின் குறை பல மழைக்காலங்களில் வெளிப்பட்டிருக்கும், கறையாகவோ விரிசலாகவோ கண்ணுக்குத் தெரியும். புதிய வீட்டின் குறை இன்னும் பூச்சுக்குள் இருக்கிறது. அதனால்தான் ஆய்வு ஒரு முறை போதாது.

முதல் ஆய்வு, குழாய்களும் மின்கம்பிக் குழல்களும் பதித்து, சுவரை மூடுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். பூசிய பிறகு எந்தப் பொறியாளரும் அதற்குள் பார்க்க முடியாது. இரண்டாவது, சாவி வாங்குவதற்கு முன்னால். மூன்றாவது, உத்தரவாதக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னால். அமெரிக்காவில் வழக்கமாக வேலைத்தரத்துக்கு 1 ஆண்டு, குழாய், மின்சாரம் போன்ற அமைப்புகளுக்கு 2 ஆண்டு, கட்டமைப்புக்கு 10 ஆண்டு என்று உத்தரவாதம் தருகிறார்கள். பிரிட்டனில் புதிய வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் என்எச்பிசி என்ற அமைப்பின் பரவலாக உள்ள உத்தரவாதத்தில் முதல் 2 ஆண்டு கட்டுநரே குறைகளைச் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகு 10 ஆண்டு வரை பெரிய குறைகளுக்குக் காப்பீடு. எந்த நாடானாலும் முதல் கட்டம் சிறியது. அது முடிந்த மறுநாள் சொல்லும் குறையைக் கேட்க ஆள் இருக்காது.

சாவி வாங்கும் முன் ஆய்வுக்குப் போகும்போது என்ன செய்வது என்று புதுவாசல் அம்மாவுக்காகச் சொல்கிறேன். ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறைத் தரையில் மெதுவாக ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் வடிகாலை நோக்கிப் போக வேண்டும். கதவுப் பக்கம் திரும்பினாலோ மூலையில் தேங்கி நின்றாலோ, தளச்சரிவு தவறு. ஓடுகளைப் பெயர்க்காமல் அதைத் திருத்த முடியாது. ஒரு நாணயத்தை எடுத்துத் தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். அடியில் கலவை நிறைந்த ஓடு அடங்கிய ஒலி தரும். கலவை பிடிக்காத ஓடு வெற்றுக் குடம்போல ஒலிக்கும், நடக்க நடக்க ஒரு நாள் விரியும். கதவுகளைப் பாதி திறந்துவிட்டுக் கையை எடுங்கள். தானாக நகரும் கதவின் நிலை செங்குத்தாக இல்லை. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து அழுத்தம் விழுகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் உங்களாலேயே செய்யக்கூடியவை. ஆய்வாளர் இவற்றுக்கும் மேலே, ஈரமானியும் வெப்பக் காமிராவும் கொண்டு பார்ப்பார்.

நல்ல தரகர் இதில் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. ஆய்வாளர் எழுதித் தந்த குறைப் பட்டியலை வைத்துக்கொண்டு, தள மேலாளரை விடாமல் துரத்துவார். நான் தளத்தில் இருந்தபோது, தரகர் தொலைபேசியில் கேட்கும் வீட்டின் வேலை முதலில் முடிந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அது நியாயம் அன்று. ஆனால் அப்படித்தான் நடந்தது.

மூன்றாம்மாடி:

செங்கல்சூளை ஐயா, இதை நான்கு ஆண்டுகளுக்கு முன் படித்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. எங்கள் குளியலறையில் தண்ணீர் இன்றும் கதவுப் பக்கம்தான் போகிறது.

புதுவாசல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். உங்கள் அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

படிவத்தின் நகலைக் கேட்டபோது முதலில் தயங்கினார்கள், பிறகு தந்தார்கள். காலவரம்பு எதுவும் அதில் இல்லை. வழித்துணை ஐயா சொன்னபடி விற்பனை மேலாளரிடமே போய், உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்டோம். நாங்கள் தேர்ந்தெடுத்த தரகர் ஒரு பெண்மணி. அதே நிறுவனத்தில் முன்பு நான்கு குடும்பங்களுக்கு வீடு முடித்துக் கொடுத்தவர். அவர் வழக்கமாக வாங்கும் தொகையில் பாதியைத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. மீதியை நாங்கள் தருவதாகப் பேசி, அந்த எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். கணக்குப்பிள்ளை ஐயாவின் சொல்லையும் மறக்கவில்லை: வழக்கறிஞரைத் தனியாக அமர்த்தினோம்.

விலை குறையவில்லை. ஆனால் எங்கள் தரகர், வேறு ஒருவர் விலகியதால் பாதி முடிந்த நிலையில் நிற்கும் பக்கத்து வீட்டைப் பற்றி விசாரித்து, அதை எடுத்தால் பதிவுச் செலவில் ஒரு பங்கைத் தருவார்களா என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துச் சம்மதம் வந்தது. நாங்கள் அந்த வீட்டுக்கே மாறிவிட்டோம்; சமையலறைக்குக் காலை வெயில் வரும் வீடு அது. வழக்கறிஞர் ஆறு இடங்களில் பென்சிலால் குறித்துத் தந்தார். நான்கு இடங்களில் திருத்தம் கிடைத்தது. "உத்தேசமாக" என்ற சொல் போய்த் தேதி வந்தது, தாமதித்தால் வாரக் கணக்கில் இழப்பீடு என்ற வரியும் பின்னிணைப்பில் சேர்ந்தது. கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வரும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். நடுவர் பற்றிய வரியை மட்டும் அசைக்க முடியவில்லை. பரப்பளவு பற்றிய வரி இன்னும் பேச்சில் இருக்கிறது, அது முடியும் வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று எங்கள் தரகரே சொல்லிவிட்டார்.

வரும் வியாழக்கிழமை, சுவர்களைப் பூசுவதற்கு முன் ஆய்வாளரை உள்ளே விட இசைந்திருக்கிறார்கள். நாங்களும் கூடப் போகலாமாம். செங்கல்சூளை ஐயா, அன்று நாங்கள் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

செங்கல்சூளை:

மகிழ்ச்சி, அம்மா. ஓர் அளவு நாடாவையும், மின்னேற்றம் முழுவதுமாக நிறைந்த தொலைபேசியையும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் நின்று, நாடாவைத் தரையிலிருந்து மேலே நீட்டிப் பிடித்து, குழாயும் கம்பியும் எந்த உயரத்தில் ஓடுகின்றன என்பது தெரியும்படி படம் எடுங்கள். மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கு நாடாவைப் படுக்கையாக வைத்து இன்னொரு படம். அறையின் பெயரையும் சுவரின் திசையையும் ஒரு தாளில் எழுதிப் படத்துக்குள் வருமாறு பிடித்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தச் சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படங்களைத்தான் தேடுவீர்கள். ஆய்வாளர் பேசும்போது குறுக்கே பேசாமல், அவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தள மேலாளர் "இதைப் பூச்சு வேலையில் சரிசெய்துவிடுவோம்" என்று எதைச் சொன்னாலும், அன்று மாலையே அதை மின்னஞ்சலில் எழுதி அவருக்கும் உங்கள் தரகருக்கும் அனுப்பிவிடுங்கள்.